மேரி சேர்த்து வைத்திருந்த ஆறு வயது

"அம்மாவுக்கு நாப்பது முடிஞ்சிருச்சுங்களே சார்..."

போன செவ்வாய்க்கிழமை பெரம்பலூரில், ஒரு வங்கியின் சேவை மையத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னாள். மையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி. அந்தப் பெண் எரிந்து விழவில்லை. பாவம், வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். மேரி கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது வரைக்கும் சேரலாம்னுதானே போர்டுல போட்டிருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆமாங்க சார். பொறந்து நாப்பது வருசம் முடியறதுக்குள்ள சேரணும். ஜூன் ஒண்ணாம் தேதியோட இவங்களுக்கு முடிஞ்சிருச்சு. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

"நாப்பத்தொண்ணு ஆவற வரைக்கும் நாப்பதுதானே பாப்பா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பின்னால் ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஆள் அடக்கவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா போட்டுருக்கலாம் சார்."

ரெண்டு மாசம்! அந்த ரெண்டு மாசமும் நான் எங்கே இருந்தேன்? பக்கத்திலேயேதான் இருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும் — காலேஜ் விடுதி முழுக்கச் சாம்பார் வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன். ஒரு கவுண்டரில் நின்று வாயைத் திறக்கச் சொன்னால் வியர்த்துவிடும்.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மெஸ்ஸில் பெரியசாமி அண்ணன் என்று ஒருவர் இருந்தார். சப்பாத்திக் கல் அவருடையது. வேறு யாரையும் அதன் பக்கத்தில் விடமாட்டார். தை மாசம் லீவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்து பதினைந்து இருபது நாள் இருக்கும், அவர் சம்சாரம் மெஸ்ஸின் பின்வாசலில் வந்து நின்றது. பி.எஃப். பணத்துக்காக ஆபீசுக்கு வந்திருக்கிறது.

உட்காருங்க அண்ணி என்றேன். உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு இங்க எவ்வளவு சம்பளம்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"பி.எஃப். பாரத்துல எழுதணுமாம். எனக்குத் தெரியல. அவரு குடுப்பாரு, நான் வாங்கிக்குவேன். எண்ணிக்கூடப் பாத்ததில்ல. எப்படித் தம்பி கேக்கறது... புருசங்கிட்டப் போயி?"

தெரிந்ததைச் சொன்னேன். அந்த அண்ணி ஆபீசுக்குப் போய்விட்டது. நான் பருப்பைக் கடைந்துகொண்டே நின்றேன். கல்லில் யாரோ புதுப் பையன் சப்பாத்தியைக் கருக்கிக்கொண்டிருந்தான்.

என் சம்பளம் மேரிக்குத் தெரியுமா? எனக்கு மாசாமாசம் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்பது தெரியுமா? அவள் பெயரில் என்ன இருக்கிறது? நூறு நாள் வேலைப் பணம் வருவதற்காக ஒரு பேங்க் கணக்கு இருக்கிறது. வந்த அன்றே அது அரிசியாகவோ ஆட்டுத் தீவனமாகவோ மாறிவிடும். வேலைக்குப் போகிறவன் நான். எனக்கு ஓய்வு வரும், அதற்குக் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும். விடியுமுன் எழுந்து ஆட்டைக் கட்டி, தண்ணி பிடித்து, படுக்கையில் கிடக்கும் என் அம்மாவைக் குளிப்பாட்டி, சீசனில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாளே — அவளுக்கு எப்போது ஓய்வு? யார் தருவது?

இப்படி யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் ஏ.டி.எம். வாசலில் அந்த போர்டைப் பார்த்தேன். மாசி மாசம். ஒரு வயதான தம்பதி பல் தெரியச் சிரிக்கிற படம். மாசாமாசம் கொஞ்சம் கட்டினால் அறுபதுக்கு மேல் பென்ஷன். வேலைக்குப் போகாத மனைவி பெயரிலும் தனியாகப் போடலாம். வயது பதினெட்டு முதல் நாற்பது வரை.

எனக்கு நாற்பது தாண்டிப் பல வருஷம் ஆகிறது. மேரிக்கு முப்பத்தொன்பது!

பக்கத்திலேயே இருந்த பேங்க் உள்ளே போய் விவரம் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே ஏ.சி.யில் நாலைந்து பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். கைலி கட்டியிருந்தேன், சட்டையில் மஞ்சள் கறை வேறு. அப்புறம் வரலாம் என்று திரும்பிவிட்டேன். போர்டில்தான் எல்லாம் போட்டிருக்கிறதே, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனதும் மேரியிடம் சொன்னேன்.

"உன் பேர்ல ஒரு பென்சன் போடலாமா?"

"எனக்கா? நான் எந்த ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆவப்போறேன்?"

"வெளையாடாத. நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா..."

"செபம் சொல்ற நேரத்துல பேசற பேச்சா இது? வாயக் கழுவிட்டு வாங்க."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எப்போதுமே இந்த இடத்தில் நின்றுவிடும். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம். பேசாமல் செத்தால் மட்டும் சுபசகுனமா?

அன்றைக்கு நான் விடவில்லை. ஆதார் கார்டை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். பார்த்தால் நாற்பத்தைந்து வயது!

"என்ன மேரி இது? ஒனக்கு முப்பத்தொம்பதுதானே?" மேரிக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சர்ட்டிபிகேட் எங்கள் கல்யாணத்துக்காக வாங்கியது, பெட்டியில் இருக்கிறது. அதன்படி அவளுக்கு நாற்பது ஆக ஐப்பசி வரவேண்டும்.

மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சவரியம்மா அக்காதான் சொல்லிக்குடுத்துச்சு."

நடந்தது இதுதான். ஆதார் எடுக்க எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களே, அப்போது ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் ஒரு வரிசை. பிறந்த தேதிக்குப் பேப்பர் இல்லாதவர்களிடம் வயதைக் கேட்டு அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொம்பளை வரிசையில் முன்னால் நின்ற எதிர்வீட்டுச் சவரியம்மா அக்கா திரும்பிப் பார்த்து, "ஏண்டி, உள்ள வயச சொல்லித் தொலைக்காதீங்க. கூட்டிச் சொல்லுங்க. அறுபது சீக்கிரம் வந்தாத்தான் முதியோர் பணம் சீக்கிரம் வரும்" என்றிருக்கிறது.

அவ்வளவுதான். வரிசை முழுக்கத் தகவல் போய்விட்டது. ஒரு காலைப்பொழுதில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கு நாலு, ஐந்து என்று மூத்துப்போனார்கள். மேரி ஆறு.

"நீங்க அந்தப் பக்கம் வரிசையில நின்னீங்க. எப்படிக் கூப்புட்டுக் கேக்கறது?" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வா கெழவி" என்று நாலு நாளைக்குக் கிண்டல் செய்தேன். சிரித்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அந்த இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

ஆதாரில் வயதைச் சரிசெய்ய வேண்டும். கோயில் சர்ட்டிபிகேட் செல்லாதாம். பள்ளிக்கூடப் பேப்பர் இருந்தால் கொண்டு வாங்க என்று ஆதார் மையத்தில் சொன்னார்கள். மேரி மட்டும் கேட்டாள்: "அப்ப சாமிக்குத் தெரிஞ்ச வயசு கவர்மெண்டுக்கு ஆவாதா?"

ஜெயங்கொண்டம் போய், பஸ் மாறி, வரதராஜன்பேட்டை போனோம். பள்ளியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை அம்மா நல்ல மாதிரி. பழைய அட்மிஷன் நோட்டைத் தேடி எடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறந்த தேதி ஜூன் ஒன்று.

"ஐப்பசியில பொறந்தவளுக்கு ஜூன் எப்படி வந்துச்சு?" என்றேன் வெளியே வந்து.

"அஞ்சு வயசு ஆவாம சேக்க மாட்டாங்கல்ல. வலது கைய தலைக்கு மேல கொண்டாந்து இடது காதத் தொடச் சொன்னாரு பெரிய வாத்தியாரு. எனக்கு எட்டல. எங்கப்பாதான் கையப் புடிச்சு இழுத்துக் காதுல வச்சாரு. வாத்தியாரும் சிரிச்சுக்கிட்டே, அஞ்சாச்சுன்னு எழுதிட்டாரு."

சிரித்துக்கொண்டே எழுதிய தேதி. அந்த அப்பாவுக்கும் வாத்தியாருக்கும் என்ன தெரியும்... அந்த ஐந்து மாசம் ஒருநாள் வந்து கணக்குக் கேட்கும் என்று?

எனக்கு மட்டும் தெரிந்ததா? பஸ்ஸில் உட்கார்ந்து விரல்விட்டுப் பார்த்தேன். ஜூன் ஒன்றில் நாற்பது ஆகிறது. அடுத்த ஜூன் வரைக்கும் நாற்பது. எக்கச்சக்கமாக நேரம் இருக்கிறது!

மே மாசம் விடுதிக்கு லீவு. நான் வீட்டில்தான் இருந்தேன். ஆதார் மையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். வெயில் வேறு. கூட்டம் குறையட்டும் என்றேன். மேரிகூட, "போயிட்டு வந்துரலாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். "அவசரம் இல்ல மேரி. அடுத்த வருசம் ஜூன் வரைக்கும் இருக்கு" என்று பெரிய அதிகாரி மாதிரிச் சொன்னேன்.

ஜூலையில் போய் வயதைச் சரிசெய்தோம். மேரிக்கு ஆறு வயது குறைந்தது. ஆகஸ்டில் பெரம்பலூர். அந்த ஜெராக்ஸ் கடை. மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

இல்லை, மீதி இன்னும் இருக்கிறது.

எழுந்திருக்கும்போது மேரிதான் கேட்டாள். "பாப்பா, ஆதார்ல பழைய வயசையே திருப்பிப் போட்டுக்க முடியுமா?"

"முடியாதுங்கம்மா. பொறந்த தேதிய ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க. எதுக்கும்மா கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள் மேரி.

அரியலூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குன்னம் வரைக்கும் வெளியே மக்காச்சோளக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். குன்னத்தில் பக்கத்து சீட்டு ஆள் இறங்கினதும் உட்கார்ந்தேன்.

"கோவமா?" என்றேன்.

"உங்க மேல என்ன கோவம். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

அப்புறம் அவளே ஆரம்பித்தாள்.

"நான் ஏன் கூட்டிச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"அதான் சொன்னியே. முதியோர் பணம் சீக்கிரம் வரும்னு..."

"அது சவரியம்மா அக்கா சொன்னது. நான் எதுக்குச் சொன்னேன்?"

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்கப்பா செத்ததுக்கப்பறம் எங்கம்மா கண்ணு மருந்துக்குக் காசு வேணும்னு அண்ணன் வூட்டு வாசல்ல போயி நிக்கும். கேக்காது. சும்மா நிக்கும். அண்ணனா பாத்து, என்னம்மான்னு கேக்கற வரைக்கும் நிக்கும். சில நாளு அண்ணன் கவனிக்காமயே வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிரும். எங்கம்மா திரும்பி வந்து, மருந்து நாளைக்கு ஊத்திக்கலாம்டிங்கும். அதப் பாத்து வளந்தவ நான்."

கண்டக்டர் வந்தார். டிக்கெட் வாங்கினோமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நம்ம பசங்க நல்ல பசங்கதான். நீங்களும் கேட்டாக் குடுக்கற ஆளுதான். ஆனா கேக்கணுமில்ல? கேக்காம, எனக்குன்னு மாசம் ஒரு காசு வரட்டும்னு நெனைச்சேன். கையில காசு இல்ல. வரிசையில நிக்கறப்ப, சரி, வயசாச்சும் இருக்கேன்னு..."



நான் என்னவோ மாசி மாசம் போர்டைப் பார்த்ததும் இவளுடைய வயதான காலத்தைப் பற்றி யோசித்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே யோசித்திருக்கிறாள். சேர்த்து வைக்கக் காசு இல்லாதவள், வயதைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதைத்தான் நான் கிழவி என்று சொல்லிச் சிரித்தேன். அப்புறம் அதையும் அழித்துக் கொடுத்தேன். அரியலூர் வரை கூட்டிப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ரொம்பப் பொறுப்பாக!

புதுப் பென்ஷனும் இல்லை. பழைய ஆறு வருஷமும் இல்லை.

பொய் வயது சொன்னது சரியா என்று சிலர் கேட்பீர்கள். சரியில்லைதான். அந்த முதியோர் பணம் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதும் இல்லை, அதற்கும் ஆயிரம் கேள்வி உண்டு. ஆனால் ஒரு பெண்பிள்ளை தன் பெயரில் ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசியில் தன் இளமையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்றால்... பக்கத்து வரிசையில் நின்ற புருஷன்தானே அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்?

நம் வீடுகளில் ஒரு பழக்கம். ஒருத்தர் சம்பாதித்தால் ஒருத்தர் பெயரில்தான் எல்லாம். எனக்கு அப்புறம் எல்லாம் அவளுக்குத்தானே என்போம். நாமினி என்று பெயர் எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது. நான் செத்தால்தான் அவளுக்குக் கிடைக்கும் என்பது ஒரு ஏற்பாடா? நான் எண்பது வயது வரை உயிரோடு இருந்தால்? அவள் எழுபத்து மூன்று வயதில் என் முன்னால் வந்து, கேட்காமல் நிற்பாளா?

நான் கவனிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவேனா?

அந்த ராத்திரி என் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு என்று மேரியிடம் சொன்னேன். செபம் முடிந்த பிறகுதான்! "அவ்வளவுதானா?" என்றாள். நான் நிறைய வாங்கி மறைக்கிறேன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாள் போல.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு அவளை டவுனில் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். பதினைந்து வருஷத்துக்குக் கட்டும் சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. பென்ஷன் மாதிரி மாசாமாசம் வராது. முடியும்போதுதான் மொத்தமாகக் கையில் வரும். ஆனால் அவள் பெயரில் மட்டும் போடலாம். என் பெயர் அதில் வராது. மாசாமாசம் நான் கட்டிவிடுவது, பாஸ்புக் அவள் பெட்டியில்.

வாசல் படியிலேயே மேரி நின்றுவிட்டாள்.

"உள்ள வயசு கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"எத்தனைன்னு சொல்லணும்?"

"ஆதார்ல இருக்கறதத்தான்..."

"ஆதார்ல இருக்கறது எனக்குத் தெரியும். அது இவங்களுக்குச் சரிப்படுமா? மொதல்ல நீங்க போயி, எத்தனை வயசுன்னா எடுத்துக்குவாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அப்பறம் நான் வரேன்."

அவள் அங்கேயே நின்றாள். நான் மட்டும் போனேன். மூன்று பேர் எனக்கு முன்னால். கேட்க வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் முறை வந்ததும், "சார்... இதுல சேர வயசு வரம்பு எதுவும் இருக்குதுங்களா?" என்றேன். எனக்கே ஆச்சரியம், சத்தமாகத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க. எந்த வயசுலயும் போடலாம்" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஒரு கேள்வி கேட்க இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று, எனக்கு மாசியில் தெரியாமல் போயிற்று.